டேட்டாவுக்கு ஒரு வரன்

அல்சூர் மங்கல இணைப்பு மன்றம் எத்தனையோ பேருக்குக் கல்யாணம் செய்து வைத்திருக்கிறது. திருவண்ணாமலையிலிருந்து வந்து ஒயிட்ஃபீல்டில் கம்ப்யூட்டர் தட்டும் பையனையும், வேலூரிலிருந்து வந்து பி.ஜி. விடுதியில் தங்கிக்கொண்டு சாம்பார் இனிக்கிறதே என்று அழும் பெண்ணையும் தேடிப் பிடித்து ஒரே மணவறையில் உட்கார வைத்துவிடும். ஜாதகம் கேட்பவர்களுக்கு ஜாதகம், ஞானஸ்நான சர்டிபிகேட் கேட்பவர்களுக்கு அது. எந்தக் கல்யாணத்துக்கும் மன்றம் குறுக்கே நின்றதாகச் சரித்திரம் இல்லை. தாரணியின் கல்யாணத்துக்கு மட்டும் நின்றது. அவள் அந்த மன்றத்திலேயே வேலை பார்த்தாள், அவள் செய்த தப்பு அவ்வளவுதான்.

காரணம் மாடிப்படிக்குக் கீழே இருந்தது. துடைப்பத்துக்கும் உடைந்த நாற்காலிக்கும் நடுவில் மன்றத்தின் சர்வர் குடியிருந்தது. வரன்களின் போட்டோ, ஜாதகம், சம்பளம், 'மாநிறம்', 'கெட்ட பழக்கம் இல்லை' எல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான். பெட்டிக்கு வயதாகிவிட்டது. காலையில் பட்டனை அழுத்தி, உள்ளே காற்றாடி முனகும் வரை விரலை எடுக்காமல் நின்று, முனகியதும் இடுப்பில் ஒரு தட்டு தட்ட வேண்டும். பலமாகத் தட்டினால் படுத்துவிடும். மெதுவாகத் தட்டினால் மதிக்காது. தாரணி தட்டினால் மட்டும் எழுந்து உட்காரும். மத்தியானம் ஒருமுறை தானாக அணைந்துபோகும், அப்போதும் அவள்தான் போக வேண்டும்.

இப்படி இருக்கையில்தான் தாரணிக்கு நிச்சயமானது. மாப்பிள்ளை பரத், வெளி வட்டச் சாலையில் ஒரு கம்பெனியில் வேலை. ஆவணியில் முகூர்த்தம். தாரணி பத்து நாள் லீவு கேட்டுத் தலைவர் சந்தானத்தின் முன்னால் போய் நின்றாள்.

சந்தானம் ஒரு தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர். குண்டூசி வாங்குவதென்றாலும் மூன்று கடையில் விலை கேட்பார். வாங்கி முடித்த பிறகு குண்டூசி எதற்கு என்று கேட்பார்.

"ரொம்ப சந்தோஷம்மா. மன்றத்தோட ஆசீர்வாதம் உனக்கு எப்பவும் உண்டு" என்றார். "ஆனா பத்து நாள் நீ வரலேன்னா பொட்டிய யாரு தட்டறது?"

"வேற யாருக்காவது சொல்லித் தரேன் சார்."

"போன பொங்கலுக்குச் சொல்லிக் குடுத்தியே, என்னாச்சு? வாட்ச்மேன் தட்டினான். அன்னிக்கு வந்த மாப்பிள்ளைங்களுக்கெல்லாம் பொண்ணு போட்டோ தலைகீழா வந்துது. ஒருத்தர் சிரசாசனம் பண்ற பொண்ணு வேணாம்னுட்டுப் போயிட்டாரு." கொஞ்சம் யோசித்தார். "ஒண்ணு பண்ணலாம். புதுசா ஒரு ஏற்பாடு பண்ணிடுவோம். அது வந்த அன்னிக்கே உனக்கு லீவு. பத்து நாளென்ன, பதினஞ்சு நாள் எடுத்துக்கோ."

ஆக, தாரணிக்கு லீவு வேண்டுமென்றால் மன்றம் ஒரு முடிவெடுக்க வேண்டும். முடிவெடுப்பதற்கென்று மன்றத்தில் ஒரு கமிட்டி இருந்தது. அதனால்தான் அங்கே எந்த முடிவும் எடுக்கப்படுவதில்லை என்பது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை. வைகாசி மாதம்தானே, ஆவணிக்கு எவ்வளவோ நாள் இருக்கிறதே என்று சந்தோஷமாக ஆஸ்டின் டவுன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள்.

முதல் கூட்டத்துக்கு வெங்கி என்று ஓர் இளைஞனை வரவழைத்தார்கள். கம்பெனிகளின் கம்ப்யூட்டர் விவகாரங்களுக்கு யோசனை சொல்கிறவன். கமிட்டியில் மூன்று பேர். தலைவர் சந்தானம். துணைத் தலைவி டோரதி, பிரேசர் டவுனில் தலைமை ஆசிரியையாக இருந்தவர், இன்னமும் எல்லோரையும் ஆறாம் வகுப்பாகவே பார்க்கிறவர். பொருளாளர் கோவிந்தராஜன், சட்டைப்பையில் பஞ்சாங்கம் இல்லாமல் தெருவில் இறங்காதவர்.

வெங்கி சுவரில் மேகப் படங்களாகக் காட்டினான். "மூணு வழி இருக்கு சார். பப்ளிக் கிளவுட், பிரைவேட் கிளவுட், ஆன்-பிரிமைஸ்."

"பப்ளிக்னா கவர்மென்ட் ஆஸ்பத்திரி மாதிரியா?" என்றார் சந்தானம்.

"அதெப்படி?" என்றார் டோரதி. "பப்ளிக் ஸ்கூல்னு போர்டு மாட்டறவங்கதான் இந்த ஊர்லயே ஜாஸ்தி ஃபீஸ் வாங்கறாங்க. அது பிரைவேட்டாச்சே."

"அப்ப பிரைவேட்னா கவர்மென்ட்டா?"

வெங்கி தண்ணீர் கேட்டான். இந்தச் சிக்கலில் ஒரு வேளை காபியும் பிஸ்கட்டும் தீர்ந்த பிறகு, கோவிந்தராஜன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"தம்பி, நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்க. பப்ளிக்னா பெரிய வீடு, நெறைய பேர் இருக்காங்க, நமக்கும் ஒரு ரூம் குடுப்பாங்க. சரியா?"

"சரி சார்."

"பிரைவேட்னா வீடு முழுக்க நமக்கு மட்டும். ஆன்-பிரிமைஸ்னா நம்ம வீட்டுக்கே வந்து இருப்பான்."

"கரெக்ட் சார்!" வெங்கி நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டான்.

"அவ்ளோதானா! கூட்டுக் குடும்பம், தனிக்குடித்தனம், வீட்டோட மாப்பிள்ளை. இதுக்குப் போயி மேகத்தையெல்லாம் காட்டி பயமுறுத்தினீங்களே."

அறையில் ஒரு நிம்மதி பரவியது. தாரணியும் கை தட்டினாள். உவமை நன்றாகத்தான் இருந்தது, அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. குறை என்னவென்றால், அன்றைக்குப் பிறகு கமிட்டி கம்ப்யூட்டரைப் பற்றிப் பேசவே இல்லை.

அடுத்த கூட்டம் முழுக்க, மன்றம் பெண் வீடா மாப்பிள்ளை வீடா என்ற விவாதத்திலேயே போயிற்று. மாப்பிள்ளை வீடென்றால் நாம் உட்கார்ந்த இடத்தில் இருப்போம், அவர்கள் தட்டுடன் வருவார்கள் என்பது சந்தானத்தின் கட்சி. "அப்ப நாம ஏன் செலவு பண்றோம்?" என்று டோரதி ஒரே கேள்வியில் அதைக் கவிழ்த்தார். மாதாமாதம் பணம் கட்டப்போவது மன்றம். பணம் கொடுக்கிறவர்கள் பெண் வீட்டார். இதைவிடத் தெளிவான சட்டம் இந்த நாட்டில் வேறு இல்லை. சந்தானத்துக்கு முகம் வாடிவிட்டது. தன் மூன்று பையன்களுக்கும் கல்யாணம் செய்து, வாழ்நாளில் ஒருமுறைகூடப் பெண் வீட்டாராக இருந்து பழகாதவர். கடைசியில், டேட்டா நம் பெண், அவளை நல்ல இடத்தில் ஒப்படைக்கப் போகிறோம் என்று தீர்மானம் நிறைவேறியது. டோரதி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பெண் வீட்டார் என்று ஆனதும் கேள்விகள் மளமளவென்று வந்தன. கூட்டுக் குடும்பத்துக்குப் பூர்வீகம் எது என்றார்கள். டேட்டாவை வைக்கும் இடம் மும்பையில் இருக்கிறது என்றான் வெங்கி. வீட்டைப் பார்க்க வேண்டுமே என்றார்கள். பாதுகாப்புக் காரணமாக யாரையும் உள்ளே விட மாட்டார்கள் என்றான்.

"பையன் வீட்டப் பாக்காம பொண்ணக் குடுக்கச் சொல்றீங்களா?" என்றார் சந்தானம். "சரி, அந்த வீட்ல வேற யார் யாரு இருக்காங்க?"

"நெறைய கம்பெனிங்க சார். பேங்க் இருக்கு, ஸ்கூல் இருக்கு, சாப்பாடு டெலிவரி கம்பெனி ஒண்ணு இருக்கு..."

"சாப்பாடு டெலிவரியா?" டோரதி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "நாங்க யாரையும் ஏற்றத்தாழ்வா பாக்கறவங்க இல்ல தம்பி. இந்த மன்றத்துல எல்லாரும் சமம். எந்தெந்த சமம் எந்தெந்த சமத்தோட சேரணும்னு தனித்தனியா ஃபைல் போட்டு வெச்சிருக்கோம். அதனாலதான் கேக்கறேன்."

பிடிக்காவிட்டால் எப்போது வேண்டுமானாலும் டேட்டாவைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், கான்ட்ராக்டில் அதற்கு வழி இருக்கிறது என்று வெங்கி நல்லெண்ணத்தில் சொன்னான். மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தாலி கட்டுவதற்கு முன்னாலேயே பிரிவதைப் பற்றிப் பேசுகிற சம்பந்தம் வேண்டவே வேண்டாம் என்று கூட்டுக் குடும்பம் தள்ளிவைக்கப்பட்டது.

தனிக்குடித்தனம் கொஞ்ச நாள் ஓடியது. வீடு முழுக்க நமக்கே என்றால், வீட்டைக் கவனிப்பது யார்? நாம்தான் ஆள் வைத்துக்கொள்ள வேண்டும் என்றான் வெங்கி. "சின்னஞ்சிறுசு, மாமியார் கூட இல்லாம எப்படிக் குடும்பம் நடத்தும்?" என்று டோரதி கவலைப்பட்டார். இதை அவர் மனப்பூர்வமாகக் கேட்டார் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும்.

மிச்சம் வீட்டோட மாப்பிள்ளை. சந்தானத்துக்கு இதில் தனி ஆசை. சொன்ன பேச்சைக் கேட்பான், கண் முன்னாலேயே இருப்பான். புது மாப்பிள்ளை எங்கே படுப்பது என்று பார்க்க வாஸ்து நிபுணர் ஒருவரை அழைத்து வந்தார்கள். அவர் மாடிப்படிக்குக் கீழே எட்டிப் பார்த்து, "அய்யய்யோ, பேடா பேடா" என்று கன்னடத்தில் வேண்டாம் வேண்டாமென அலறினார். சர்வர் சூடாகிற சாமான். சூடாகிற சாமான் அக்னி மூலையில் இருக்க வேண்டும். மன்றத்தின் அக்னி மூலையில் காபி போடும் அறை இருந்தது. புது மாப்பிள்ளை வரும் வரை பழைய பெட்டியாவது நல்ல இடத்தில் இருக்கட்டும் என்று அதைத் தூக்கிக்கொண்டு போய் கேஸ் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தார்கள். மூலை ராசியோ என்னவோ, பெட்டி அன்றிலிருந்து பால் பொங்கும்போதெல்லாம் அணைந்தது. தாரணிக்குச் சாப்பிடக்கூட எழுந்துபோக முடியவில்லை. கல்யாணப் புடவை எடுக்கிற அன்றைக்கு அவளுடைய அம்மா மட்டும் கடைக்குப் போய், போட்டோ அனுப்பிக் கேட்டாள். தாரணி ஒரு கையால் பெட்டியைத் தட்டிக்கொண்டே மறு கையால் அரக்குக் கலரைத் தேர்ந்தெடுத்தாள்.

வெங்கிக்கு அவள்மேல் பரிதாபம் வந்திருக்க வேண்டும். அடுத்த கூட்டத்தில் குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "சார், நாலாவதா ஒரு வழியும் உண்டு. ஹைபிரிட். கொஞ்சம் இங்க வெச்சுக்கலாம், கொஞ்சம் அங்க வெச்சுக்கலாம். நெறைய பெரிய மனுஷங்க அப்படித்தான் பண்றாங்க."

டோரதி சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்.

"இது மானம் மரியாதையா நடக்கற மன்றம், மிஸ்டர் வெங்கி" என்றார் சந்தானம். "ரெண்டு வீடு வெச்சுக்கறவங்களுக்கு இங்க எடமில்ல." நிர்வாகிகளில் ஓரிருவர் பெயர் அவர் நினைவுக்கு வந்திருக்கலாம். சற்று நிறுத்தி, "வெளிப்படையா" என்று சேர்த்துக்கொண்டார்.

அதற்குள் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் எந்த நல்ல காரியமும் பேசக் கூடாது என்று கோவிந்தராஜன் கமிட்டிக்கே பூட்டுப் போட்டார். அந்த மாதம் முழுக்கத் தாரணி அடுப்பங்கரையில் உட்கார்ந்து பெட்டியோடு குடும்பம் நடத்தினாள். பத்திரிகை அடித்தாகிவிட்டது. உறவுக்காரர்களுக்கு அவளே கொடுக்கப் போக வேண்டும் என்று அம்மா தினமும் திட்டினாள். லீவு கிடைக்காவிட்டால் கல்யாணத்தன்று காலையில்கூட இங்கே வந்து தட்டிவிட்டுத்தான் மணவறைக்குப் போக வேண்டியிருக்கும் என்று நினைத்தபோது, அவளுக்கு அந்தப் பெட்டியையும் பிடிக்கவில்லை, கமிட்டியையும் பிடிக்கவில்லை, கல்யாணத்தையே கொஞ்ச நேரம் பிடிக்கவில்லை.

ஆவணியில் கமிட்டி கூடியது. கோவிந்தராஜன் பஞ்சாங்கத்தைப் புரட்டி, மன்றம் தொடங்கிய நேரத்துக்கும் டேட்டாவின் ராசிக்கும் பொருந்துகிற ஒரே முகூர்த்தத்தைக் கண்டுபிடித்தார். தாரணியின் முகூர்த்தம். அதே நாள், அதே வேளை. எல்லோரும் பார்ப்பது ஒரே பஞ்சாங்கம்தானே.

"ஆகா, நல்ல நாள்தான்" என்றார் சந்தானம். "இனி எந்த எடம்னு பேசணும். அடுத்த வாரம் கூடுவமா?"

தாரணி காபித் தட்டை நங்கென்று மேஜைமேல் வைத்தாள்.

"சார், இன்னும் ஒரு வாரம் அந்தப் பொட்டி உயிரோட இருக்காது சார். உங்க பொண்ணு அடுப்புப் பக்கத்துல கெடந்து வெந்துட்டு இருக்கா. பெரிய குடும்பத்துக்கே அனுப்பிடுங்க. பேங்கும் ஸ்கூலும் இருக்கற வீட்ல நல்லபடியா இருப்பா. அங்க போயிட்டா யாரும் தட்ட வேணாம், யாரும் பக்கத்துலயே உக்காந்திருக்க வேணாம். எங்கேர்ந்து வேணாலும் பாத்துக்கலாம்."

மூன்று மாதமாக ஒருவரும் எழுப்ப முடியாத ஒரு வெளிச்சம் சந்தானத்தின் முகத்தில் வந்தது.

"எங்கேர்ந்து வேணாலுமா?"

"ஆமா சார்" என்றான் வெங்கி. "வீட்லேர்ந்து, பஸ்லேர்ந்து, மலை மேல இருந்துகூட."

தீர்மானம் அந்த நிமிஷமே நிறைவேறியது. கூட்டுக் குடும்பம், அதாவது பப்ளிக் கிளவுட். தாரணிக்கு வெங்கியைக் கும்பிடலாம் போல இருந்தது.

"ரொம்ப தேங்க்ஸ் சார். அப்ப என்னோட பதினஞ்சு நாள் லீவு..."

"லீவா?" சந்தானம் வாய்விட்டுச் சிரித்தார். "லீவுன்னா என்னம்மா? ஆபீசுக்கு வராம இருக்கறது. இனிமே ஆபீஸ் ஒரு எடத்துல இல்ல, எல்லா எடத்துலயும் இருக்கு. நீ எங்க போனாலும் ஆபீஸ்லதான் இருப்ப. நான் குடுக்கணும்னு நெனச்சாலும் லீவ எங்கேர்ந்து எடுத்துக் குடுக்கறது, சொல்லு?"

"மண்டபத்துலேர்ந்தே பாத்துக்கலாம் கண்ணு" என்றார் டோரதி வாஞ்சையாக. "ஹனிமூனுக்குக் கூர்க் போனாலும் இப்பல்லாம் சிக்னல் இருக்கு. ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடிக்கோ, கொஞ்சம் அனுசரிச்சுக்கோ."

தாரணிக்குக் காது இரண்டும் சுட்டன. தன் வாயாலேயே கெடுத்துக்கொண்டோமே என்ற ஆத்திரம்தான் அதிகம். அன்று மாலை அல்சூர் ஏரிக்கரைப் பக்கம் நின்று பரத்துக்குப் போன் செய்து அழுதாள். அவன் ஆறுதல் சொல்லத் தொடங்கி, பாதியில், "ஒரு நிமிஷம் இரு தாரணி, ஆபீஸ் கால்" என்றான். மாப்பிள்ளை ஏற்கெனவே எல்லா இடத்திலும் இருக்கிற ஆபீசில் வேலை பார்க்கிறவன் என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

முகூர்த்தத்தன்று மன்றத்தார் விடிவதற்கு முன்பே மண்டபத்துக்கு வந்து முதல் வரிசையைப் பிடித்துக்கொண்டார்கள். மணவறையில் ஹோமகுண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு மணைப் பலகை போட்டு, லேப்டாப்புக்குச் சந்தனம் குங்குமம் வைத்து உட்கார்த்தினார்கள். சந்தானம் நாதஸ்வரக்காரரின் மைக்கை வாங்கிக்கொண்டார்.

"இது ஒரு பொன்னாள். நம் மன்றத்தின் வரலாற்றிலேயே முதல் முறையாக ஓர் ஊழியர் ஒரு நாள்கூட லீவு எடுக்காமல் கல்யாணம் செய்துகொள்கிறார். அந்தப் பெருமையை அவருக்கு அளித்தது இந்தக் கமிட்டி."

கைதட்டல் எழுந்தது. பெண் வீட்டார் எதற்கென்று தெரியாமலே தட்டினார்கள். தாரணிக்குக் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. ஹோமப்புகை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

எதை முதலில் முடிப்பது என்று புரோகிதர் கேட்டார். மன்றம்தான் மூத்தது என்றார் சந்தானம். பரத் தாலியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்க, வெங்கி குனிந்து லேப்டாப்பைத் தயார் செய்தான்.

"சார், அங்க ஏதாவது பிரச்சினைன்னா மெஷினே போன் பண்ணும். எவ்ளோ பெரிய பிரச்சினைக்குப் பண்ணணும்?"

"எங்க வீட்டுப் பொண்ணு தம்பி அவ. ஒரு தும்மல் போட்டாலும் போன் வரணும்."

வெங்கி அப்படியே வைத்தான். அடுத்தபடியாக, போன் யாருக்கு வர வேண்டும் என்று திரையில் ஒரு கட்டம் வந்தது. சந்தானம் தாரணியைப் பார்த்துத் தலையசைத்தார். வெங்கி பலகையை அவள் பக்கம் திருப்பினான்.

பரத் அவள் காதோரம் குனிந்தான். "எங்க ஆபீஸ்ல யாரும் செய்யத் துணியாத ஒண்ணு சொல்லட்டுமா? முடிவெடுத்தவங்க நம்பரப் போடு."

தாரணி மஞ்சள் விரலால் ஒரு நம்பரைத் தட்டி, பட்டனை அழுத்தினாள். கோவிந்தராஜன் கை காட்ட, கெட்டிமேளம் முழங்கியது. டேட்டா புறப்பட்டுப் போனது. டோரதி குலுங்கிக் குலுங்கி அழுதார். அந்தச் சத்தத்திலேயே பரத் சட்டென்று தாலியையும் கட்டிவிட்டான்.

பந்தியில் சந்தானத்துக்கு மணமக்களுக்கு எதிர் இலை. பொரியலில் கை வைக்கும்போது போன் அடித்தது. ஒரு பெண் குரல், மன்றத்தின் இணையப் பக்கத்தைத் திறக்க ஒருவருக்கு வழக்கத்தைவிடத் தாமதமாகிறது, கவனித்ததாக உறுதி செய்ய ஒன்றை அழுத்தவும் என்றது. அழுத்தினார். சாம்பார் வந்தபோது, தாமதம் நீங்கிவிட்டது, ஒன்றை அழுத்தவும் என்றது. ரசத்துக்கு, ஹொசூரில் ஒருவர் பாஸ்வேர்டைத் தப்பாகப் போட்டார். வலது கையில் சோறும் இடது கையில் போனுமாக அவர் திணறினார்.

"ஏம்மா தாரணி, இது உனக்கில்ல வரணும்?"

"உங்க நம்பரத்தான் சார் போட்டேன். நீங்கதானே தலைவர்." அவளுடைய போன் அம்மாவின் கைப்பையில் அணைந்து கிடந்தது.

"தம்பி வெங்கி, இத உடனே மாத்துப்பா!"

"மாத்தலாம் சார்" என்றான் வெங்கி, அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே. "ஆனா கமிட்டி தீர்மானம் இல்லாம எந்த மாற்றமும் பண்ணக் கூடாதுன்னு கான்ட்ராக்ட்ல நீங்களே எழுதி வாங்கியிருக்கீங்க."

சந்தானம் பதறிப்போய்ப் பொருளாளரைப் பார்த்தார். கோவிந்தராஜன் இடது கையால் பஞ்சாங்கத்தை எடுத்து நிதானமாகப் புரட்டினார்.

"ஆவணியில இனி நாள் இல்ல தலைவரே. அடுத்தது புரட்டாசி, பேசவே கூடாது. ஐப்பசியிலதான் பாக்கணும்."

போன் மறுபடி அடித்தது. சந்தானம் இலையை விட்டு எழுந்து, சிக்னல் தேடி வாசல் பக்கம் நடந்தார். பாயசக்காரர் மணமக்கள் வரிசைக்கு வந்தார். தாரணி ஒரு கரண்டி வாங்கிக் குடித்துவிட்டு, இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டாள்.